கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

கம்ப்யூட்டர் விளையாட்டில் பிறக்கும் குடும்ப மோட்டார்களும், கடையில் அருகிவரும் ஸ்டேஷன் வாகன்களும்

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று கிராமத்தில் கேலி செய்வதுண்டு. மீசையில் படாமல் கூழ் குடிப்பது நடவாத காரியம் என்பது அந்தக் கேலியின் சாரம். ஆனால் மோட்டார் உலகத்தில் இந்த இரண்டு ஆசைகளையும் ஒரே வண்டியில் தீர்த்துவைக்கப் பார்த்தவர்கள் பலர். மனைவி, குழந்தைகள், பெட்டி படுக்கை, வீட்டு நாய் ஆகிய எல்லாம் ஏற வேண்டும். அதே வண்டி வளைந்து வளைந்து போகும் மலைப் பாதையில் பந்தயக் காரைப் போலப் பாயவும் வேண்டும். இந்த ஆசைக்கு யந்திர உருவம் கொடுத்தால் கிடைப்பதுதான் வேகமான ஸ்டேஷன் வாகன்.

சாதாரண ஸெடான் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, ஆட்கள் உட்காரும் அறையையும் டிக்கியையும் ஒன்றாக்கி, பின்னால் ஒரு பெரிய கதவு வைத்தால் அது ஸ்டேஷன் வாகன். பிரிட்டனில் அதை 'எஸ்டேட்' என்பார்கள். 1992ல் டாட்டா நிறுவனம் அதே பெயரில் வெளியிட்ட காரைப் பார்த்தவர்களுக்கு உருவம் நினைவிருக்கும்.

இந்த வண்டிக்கு இன்று ஏற்பட்டிருக்கும் நிலை விசித்திரமானது. மெய்யான மோட்டார்க் கடைகளில் அது அருகி வருகிறது. பொய்யான மோட்டார்க் கடைகளிலோ, அதாவது கார் தயாரிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலோ, அது மழைக்கால ஈசல்போலப் பிறந்துகொண்டிருக்கிறது. கையில் சாவியும் இல்லை, வாங்கப் பணமும் வேண்டாம் என்ற நிலையில், மனிதர்கள் பறக்கும் தங்க ரதங்களை அல்லவா கற்பனை செய்ய வேண்டும்? ஏன் குழந்தைகளின் புத்தகப் பைக்கு இடம் தேடுகிறார்கள்? இந்தக் கேள்வியை ஆராய்ந்தால் விளையாட்டைப் பற்றி மட்டுமல்ல, மெய்யான சந்தையைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

விளையாட்டா, தொழிற்கூடமா?

'ஆட்டோமேஷன்' என்பது இவ்வகை விளையாட்டுகளில் பேர்பெற்ற ஒன்று. காம்ஷாப்ட் ஸாப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் தயாரித்தது. 2015ல், வேலை முடிவதற்கு முன்பே, ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. இதில் துப்பாக்கி இல்லை. துரத்தும் எதிரி இல்லை. ஆட்டக்காரர் ஒரு கார் கம்பெனியின் பிரதம எஞ்சினீயராக உட்காருகிறார். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷமான 1946லிருந்து கணக்குத் தொடங்குகிறது. எந்த வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அந்த வருஷத்தில் கிடைத்த வித்தைகளைக் கொண்டே வண்டியைக் கட்ட வேண்டும்.

முதலில் எஞ்சின். எத்தனை ஸிலிண்டர், ஒரே வரிசையா அல்லது 'வி' வடிவமா, ஸிலிண்டரின் விட்டம் எவ்வளவு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எவ்வளவு, வால்வுகளைத் திறப்பது எப்படி, டர்போ உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். பேராசை பிடித்து அளவுக்கு மீறிச் சுழலவிட்டால் கனெக்டிங் ராடு தாங்காது என்று கணக்கே காட்டிக் கொடுத்துவிடும். பெரிய டர்போ பொருத்தினால் குதிரைச் சக்தி ஏறும். ஆனால் அடித்தளத்தில் எஞ்சின் சோம்பிக் கிடக்கும். மிதித்த பிறகு சற்றுக் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது வண்டி. அடிச்சட்டம், ஸ்பிரிங், டயர், பிரேக், கியர்ப் பெட்டி, ஆசனங்கள், பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, எடை உண்டு, செய்து முடிக்க ஆகும் நேரமும் உண்டு. முடிவில் மார்க் போடப்படும். ஓட்டுவது சுலபமா, உல்லாசமா, சௌகரியமா, கௌரவமா, பத்திரமா, கெட்டுப்போகாமல் உழைக்குமா, வீட்டுக் காரியத்துக்கு உதவுமா என்று தனித்தனி மார்க்குகள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும்.

வாங்குபவர்களும் இந்த விளையாட்டில் ஒரே ஜாதி அல்ல. காஸ்மியா, ஹெட்வேஸியா, புரூனியா என்றெல்லாம் பெயர் வைத்த கற்பனை நாடுகளில் பலவகை ஜனங்கள் வசிக்கிறார்கள். மலிவான வண்டி தேடுவோர், ஆடம்பரம் தேடுவோர், குடும்பத்துக்கு வண்டி தேடுவோர் என்று பிரிவுகள் உண்டு. குடும்ப வண்டியே சற்று வேகமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு தனிப் பிரிவு உண்டு. கூழும் மீசையும் வேண்டுகிற அந்தப் பிரிவைத் திருப்தி செய்வதுதான் கஷ்டமான பரீட்சை. அதனாலேயே அதில் இறங்குகிறவர்கள் அதிகம்.

ஒரு பரீட்சை

இந்த ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்வது வழக்கம். போட்டி வைப்பவர் ஒரு குடும்பத்தின் கதையை எழுதுவார். வருஷத்தையும், விலையின் உச்ச வரம்பையும் குறிப்பிடுவார். போட்டியில் சேருபவர்கள் தங்கள் தங்கள் கற்பனைக் கம்பெனியின் பெயரில் ஒரு வண்டியைக் கட்டி, படம் எழுதி, விளம்பர வாசகமும் சேர்த்து அனுப்புவார்கள். போட்டி வைத்தவர் ஒவ்வொரு வண்டியையும் சோதித்து, "இந்தக் குடும்பம் இதை வாங்குமா, வாங்காதா?" என்று காரணத்துடன் தீர்ப்பு எழுதுவார்.

எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். வருஷம் 1995 என்று வைத்துக்கொண்டால், வாங்குபவர் ஒரு பல் வைத்தியர், வயது 40, கலியாணத்துக்கு முன்பு வேகமான இரட்டை ஆசனக் கார் வைத்திருந்தவர். இப்போது இரண்டு குழந்தைகள். கொழுத்த நாய் ஒன்று. மாதம் ஒரு முறை 300 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மாமியார் வீட்டுக்குப் பிரயாணம். செலவைக் கவனிப்பவர் அவர் மனைவி.

ஒருவர் 350 குதிரைச் சக்தியுள்ள வண்டியுடன் வருகிறார். விளம்பர வாசகம் இடி முழக்கம். ஆனால் ஸ்பிரிங் கல்லைப்போல் இறுகியிருக்கிறது. 300 கிலோமீட்டர் போவதற்குள் பின்னால் இருக்கும் குழந்தை குடித்த பாலைக் கக்கிவிடும். டயர் தேய்ந்தால் மாற்றும் செலவைக் கேட்டதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வார். வண்டி முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது.

இன்னொருவர் இடம் கொடுத்திருக்கிறார், விலையும் மலிவு. ஆனால் எஞ்சின் எருமைபோல் நகருகிறது. "இதை வாங்குவதற்கு வாடகை லாரியே போதுமே!" என்பது வைத்தியரின் அபிப்பிராயமாக இருக்கும்.

மூன்றாமவர் 220 குதிரைச் சக்தியோடு நிறுத்திக்கொள்கிறார். டர்போ சிறியது, ஆகவே மிதித்தவுடன் இழுக்கிறது. கூரை நீண்டதால் பின்னால் ஏறிய பாரத்தைக் கணக்கிட்டு, திருப்பத்தில் வால் வீசாதபடி முன்னும் பின்னும் ஸ்பிரிங்குகளைச் சரிக்கட்டியிருக்கிறார். ஆசனத்துக்குச் செலவழித்ததை வேலைப்பாட்டில் மிச்சம் பிடித்திருக்கிறார். எந்த மார்க்கிலும் அவர் முதல்வர் அல்ல. ஆனால் எதிலும் தோற்கவில்லை. சாவி அவர் வண்டிக்குத்தான் கிடைக்கும்.

இந்த விளையாட்டின் ரகசியம் இதுதான். "உன் வண்டி எவ்வளவு பெரியது?" என்று அது கேட்பதில்லை. "உன் வண்டி யாருக்காக?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனால், பல தடவை வந்து நிற்கும் இடம் தாழ்வான, நீளமான, எடை குறைந்த ஸ்டேஷன் வாகனாகவே இருக்கிறது.

மெய்யான சரித்திரம்

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. மெய்யான கம்பெனிகளும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தன. ஸ்வீடன் தேசத்து வால்வோ நிறுவனம் 1953ல் 'டூயட்' என்ற வண்டியை வெளியிட்டது. வேலை நாட்களில் சரக்கு ஏற்றவும், விடுமுறையில் குடும்பத்தை ஏற்றவும் ஒரே வண்டி என்பது அந்தப் பெயரின் தாத்பரியம்.

நாற்பது வருஷம் கழித்து அதே நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. 1994ல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில், மற்றவர்கள் எல்லாரும் ஸெடான் கார்களுடன் வந்து நிற்க, வால்வோ மட்டும் '850' என்ற ஸ்டேஷன் வாகனைக் கொண்டுவந்து நிறுத்தியது. ரிக்கார்டு ரைடலும், ஜான் லாமர்ஸும் ஓட்டினார்கள். மளிகைச் சாமான் ஏற்றுகிற வண்டி பந்தயப் பாதையில் பாய்வதைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். வெற்றி ஒன்றும் கிட்டவில்லை. அடுத்த வருஷம் காற்றின் அழுத்தத்தைப் பயன்படுத்தும் பின் இறக்கைகள் அனுமதிக்கப்பட்டதால் வால்வோ ஸெடானுக்கு மாறியது. ரைடல் மூன்றாவது ஸ்தானத்தைப் பிடித்தார். ஆனால் பந்தயம் பார்த்தவர்களின் ஞாபகத்தில் இன்றும் நிற்பது தோற்றுப்போன ஸ்டேஷன் வாகன்தான். "வால்வோ என்றால் வாத்தியார் வண்டி" என்ற எண்ணம் அந்த ஒரு வருஷத்தில் ஆட்டம் கண்டது.

அதே 1994ல் ஜெர்மனியில் மற்றொரு சம்பவம். போர்ஷ் நிறுவனத்துக்கு அப்போது வியாபாரம் மந்தம்; தொழிற்சாலையில் போதிய வேலை இல்லை. ஆடி நிறுவனம் தன் ஸ்டேஷன் வாகன் ஒன்றைப் போர்ஷ் நிபுணர்களிடம் ஒப்படைத்தது. 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஐந்து ஸிலிண்டர் எஞ்சினிலிருந்து 315 குதிரைச் சக்தியை அவர்கள் கறந்தார்கள். பிரேக்கும் சக்கரமும் போர்ஷ் ரகம். 'ஆர்.எஸ்.2' என்று அதற்குப் பெயர். 2,200 வண்டிகள் போதும் என்று தொடங்கியவர்கள், கிராக்கியைக் கண்டு சுமார் 2,900 வண்டிகள் செய்தார்கள்.

பி.எம்.டபிள்யூ.வின் கதை இன்னும் சுவையானது. 2000த்தில் அதன் எஞ்சினீயர்கள் 'எம்3' என்ற வேகக் காரை ஸ்டேஷன் வாகனாக மாற்றி ஒரு மாதிரி வண்டி கட்டினார்கள். அகன்ற பின் சக்கரத்துக்கு ஏற்ப, சாதாரண வண்டியின் பின் கதவையே திருத்திப் பொருத்த முடியும், அதற்கென்று புதிய அச்சுகளுக்குப் பெரும் பணம் செலவிட வேண்டாம் என்று நிரூபிப்பது அவர்கள் நோக்கம். நிரூபித்தும் காட்டினார்கள். ஆனாலும் வண்டி விற்பனைக்கு வரவில்லை. எம்3 ஸ்டேஷன் வாகன் கடைக்கு வந்தது 2022ல்! விளையாட்டில் ஒரே மாலைப் பொழுதில் தீர்ப்புக் கிடைத்துவிடும். மெய்யான கம்பெனியில் அதே விண்ணப்பத்துக்கு 22 வருஷம் ஆயிற்று.

தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே கம்பெனியின் பெரிய 'எம்5' காரில், 1992 முதல் 1995 வரை செய்த ஸ்டேஷன் வாகன்கள் 891. 2007 முதல் 2010 வரை பத்து ஸிலிண்டருடன் செய்தவை 1,025. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள், வாங்கியவர்கள் சிலரே. புகழ்ச்சியைக் கொண்டு தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும்.

சட்டம் செய்த மாயம்

அப்படியானால் ஸ்டேஷன் வாகன் தோற்றது தகுதியினாலா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் அடையாளமே ஸ்டேஷன் வாகன்தான். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்கள் சராசரியாக இவ்வளவு மைலாவது ஒரு காலன் பெட்ரோலில் ஓட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல நோக்கம்தான். ஆனால் விவசாயிகளும் தொழிலாளிகளும் உபயோகிக்கும் சிறு லாரிகளுக்குத் தனியாக, சற்றுத் தளர்ந்த அளவு வைக்கப்பட்டது.

சட்டத்தின் கண்ணில் ஸ்டேஷன் வாகன் ஒரு கார். அதே குடும்பத்தை, அதே சாமானுடன் ஏற்றிச் செல்லும் உயரமான வண்டியோ சிறு லாரி! 1983ன் இறுதியில் கிரைஸ்லர் கம்பெனி 'மினிவேன்' என்ற பெட்டி வடிவ வண்டியை வெளியிட்டது. அதன் பிறகு ஜீப் சாயலில், உயர்ந்து நிற்கும் எஸ்.யூ.வி. வண்டிகள் படையெடுத்தன. இவை சிறு லாரிக் கணக்கில் சேர்ந்தன. ஸ்டேஷன் வாகன் இருந்த இடத்தில் இவை வந்து உட்கார்ந்தன.

இந்த மாயம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஜப்பானின் சுபாரு கம்பெனியே சாட்சி. 'அவுட்பேக்' என்ற தன் வண்டியைச் சிறு லாரிக்குரிய இலக்கணத்தில் அடங்கும்படி 2004ல் அது சற்றே உயர்த்தித் திருத்தியது. வண்டி வண்டிதான், ஏறுகிறவர்களும் அதே ஜனங்கள்தான். ஆனால் சட்டத்தின் புத்தகத்தில் கார் லாரியாகிவிட்டது. அந்தச் சட்டத்தை மீறினால் செலுத்த வேண்டிய அபராதம் 2025ல் பூஜ்யமாக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஐம்பது வருஷம் சட்டம் வளர்த்த பழக்கம், சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதும் மறைந்துவிடுமா?

அமெரிக்காவில் தொடங்கிய இந்தப் பழக்கம் உலகமெங்கும் பரவியது. 2023ல் உலகில் விற்ற கார்களில் 48 சதவிகிதம் எஸ்.யூ.வி. ரகம் என்று சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் கணக்கிட்டது. நடுத்தரக் காரைவிட அவை 200 முதல் 300 கிலோ வரை கனம் கூடியவை என்றும் அந்த ஸ்தாபனம் சுட்டிக் காட்டியது. கனம் கூடினால் எண்ணெய் கூடுதலாக எரியும். காற்றை எதிர்த்து நிற்கும் முகப்பு அகன்றால் அதிவேகச் சாலையில் இன்னும் கூடுதலாக எரியும். இது எந்தப் பௌதிக வாத்தியாரும் சொல்லக்கூடிய விஷயம்.

நஷ்டம் வாங்குபவரின் பையோடு நிற்பதில்லை. சாலையில் நடப்பவருக்கும் உண்டு. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் ஆராய்ச்சிக் கழகம் 2023ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. வண்டியின் முன்மூடி தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், 30 அங்குலம் அல்லது அதற்கும் தாழ்ந்து சரிவாக இருக்கும் வண்டியைவிட, மோதலில் பாதசாரி உயிரிழக்கும் அபாயம் சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று அது கண்டது. தாழ்ந்த கார் காலில் இடிக்கும். உயர்ந்த வண்டி மார்பில் இடிக்கும். குழந்தையானால் தலையில் இடிக்கும்.

மறுபக்கத்து நியாயம்

உயரமான வண்டியை விரும்புகிறவர்கள் எல்லாரும் விளம்பரத்தில் மயங்கியவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குத் தாழ்ந்த காரில் இறங்கி ஏறுவது தண்டனை. உயர்ந்த ஆசனத்திலிருந்து சாலை நன்றாகத் தெரிகிறது. குண்டும் குழியுமான பாதையில் தரையிலிருந்து உயர்ந்த வண்டி அடிபடாமல் தப்பும். குழந்தையை ஆசனத்தில் கட்டி உட்காரவைக்கும் தாயார் குனிய வேண்டியதில்லை. இவையெல்லாம் மெய்யான சௌகரியங்கள்.

ஆனால் இந்தச் சௌகரியங்களுக்காக வாங்குகிறவர்கள் எத்தனை பேர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? கம்பெனிகளுக்கும் உயரமான வண்டியில் ஒரு லாபம் உண்டு. ஏறக்குறைய அதே அடிச்சட்டம், அதே எஞ்சின். உருவம் மட்டும் சற்று உயர்ந்தால் விலையும் சேர்ந்து உயர்கிறது. இந்த லாபத்தை எந்த வியாபாரி கைவிடுவார்?

திரும்பி வருகிறதா?

கடந்த சில வருஷங்களாக விநோதமான மாறுதல்கள் தென்படுகின்றன. ஆடி தன் 'ஆர்.எஸ்.6' ஸ்டேஷன் வாகனை 2020ல் முதல் தடவையாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2023ல் வெளிவந்த புதிய வோல்க்ஸ்வாகன் பஸாட், ஐரோப்பாவில் ஸெடானைக் கைவிட்டு ஸ்டேஷன் வாகனாக மட்டும் வந்தது. அதே 2023ல் பிரிட்டனில் எஸ்டேட் விற்பனையை நிறுத்திய வால்வோ, வாடிக்கைக்காரர்கள் கேட்டதன்பேரில் 2024ல் மீண்டும் தொடங்கியது. பி.எம்.டபிள்யூ. 2024ல் புதிய எம்5 ஸ்டேஷன் வாகனை வெளியிட்டு அமெரிக்காவுக்கும் அனுப்பியது.

இவற்றைக் கண்டு ஆட்டக்காரர்கள் "கணக்கு ஜெயித்தது!" என்று குதூகலிக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. புதிய எம்5 வண்டியையே எடுத்துக்கொண்டால், எட்டு ஸிலிண்டர் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைச் சக்தி. எடையோ இரண்டரை டன்னை நெருங்குகிறது. பாட்டரிக்கு இடம் கொடுத்ததால், சாதாரண 5 வரிசை ஸ்டேஷன் வாகனில் 570 லிட்டராக இருக்கும் டிக்கி, இதில் 500 லிட்டராகச் சுருங்கியிருக்கிறது. அதாவது மீசை நீண்டுவிட்டது, கூழ் குறைந்துவிட்டது! விலையும் பல் வைத்தியருக்கு எட்டாது. பல் வைத்தியசாலையையே விற்றால் எட்டலாம்.

நடுத்தர மனிதர் வாங்கக்கூடிய ரகமோ குறைந்துகொண்டே வருகிறது. போர்டு கம்பெனியின் 'போகஸ்' கார், அதன் வேகமான 'எஸ்.டி.' எஸ்டேட் உட்பட, 2025 நவம்பரோடு ஜெர்மனியில் உற்பத்தி நின்று முடிந்துபோயிற்று. ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற ஒன்றிரண்டுதான் அந்த வம்சத்தின் கொடியைத் தாங்கி நிற்கின்றன. 2024ல் புதுப்பிக்கப்பட்ட அந்த வண்டி 265 குதிரைச் சக்தியும், ஸ்டேஷன் வாகனில் 640 லிட்டர் டிக்கியும் உடையது. விளையாட்டுப் போட்டியில் வைத்தால் பல குடும்பங்களின் சாவியை அது வாங்கிவிடும். மெய்யான கடையில் அதன் பக்கத்தில் நிற்கும் உயர வண்டியின் நிழல் அதை மறைக்கிறது.

ஆகவே, திரும்பி வந்திருப்பது குடும்பஸ்தரின் ஸ்டேஷன் வாகன் அல்ல. கோடீசுவரரின் ஸ்டேஷன் வாகன். இரண்டுக்கும் உருவம் ஒன்று. பிறந்த நோக்கம் வேறு.

விளையாட்டின் குறையும் நிறையும்

விளையாட்டுக் கணக்கிலும் குறை உண்டு. அதில் வரும் வைத்தியருக்கு முழங்கால் வலிப்பதில்லை. போட்டிக்குத் தீர்ப்பு எழுதுபவரும் பெரும்பாலும் கார்ப் பித்துப் பிடித்தவர். அவருக்கு ஸ்டேஷன் வாகனிடம் ஏற்கெனவே ஒரு கனிவு இருக்கும். அவர் வாங்கும் வண்டிக்கு மாதத் தவணை கட்டத் தேவையில்லை. பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இல்லை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் உலகத்தில் பல காரியங்கள் சுலபமாகிவிடும்.

ஆனால் நிறை பெரிது. எஞ்சினைத் தொட்டே பார்த்திராத ஓர் இளைஞர், நூறு கிலோ கூடினால் பிரேக்குக்கு என்ன ஆகும், ஸ்பிரிங்கை இறுக்கினால் பின் ஆசனத்துக்கு என்ன ஆகும், ஓர் அங்குலம் உயர்த்தினால் திருப்பத்தில் என்ன ஆகும் என்று கணக்கோடு தெரிந்துகொள்கிறார். "எல்லாம் உண்டு, எதுவும் குறையாது" என்று ஒரு விளம்பரம் சொன்னால், "எதைக் கொடுத்து இதை வாங்கினாய்?" என்று திருப்பிக் கேட்கப் பழகுகிறார். பத்து வண்டிகளை அனுப்பித் தோற்றவர், பதினோராவது வண்டியின் விளம்பரத்தில் பொய் எழுதக் கூசுவார். மெய்யான விளம்பரத்தில் எங்கே பொய் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

கார் வாங்கப் போகிறவர்கள் இந்த விளையாட்டை ஆட வேண்டுமென்று அவசியமில்லை. அதன் முதல் விதியை மட்டும் கடன் வாங்கினால் போதும். கடைக்குள் நுழைவதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்: வண்டியில் தினமும் ஏறுவது எத்தனை பேர்? எந்தச் சாலையில்? என்ன சாமான்? வருஷத்துக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு செலவு தாங்கும்? யாருக்கு முழங்கால் வலி? அந்தக் காகிதத்துக்குப் பொருந்துவது உயரமான வண்டியானால் தாராளமாக வாங்கலாம். தாழ்ந்த வண்டியானால் வெட்கப்பட வேண்டியதில்லை. காகிதம் இல்லாமல் உள்ளே போகிறவருக்கு, விற்பவர் தன் காகிதத்தை நீட்டிவிடுவார்.

கூழும் வேண்டும், மீசையும் வேண்டும் என்பதில் தப்பில்லை. கூழைக் குடிக்கப்போவது யார் என்பதை மறந்துவிட்டு மீசைக்கு மட்டும் விலை கொடுப்பதுதான் தப்பு.